அண்ணி கை பட்டால் விழும் ஸ்விட்ச்

வாஷிங் மெஷின் கடிக்கிறது என்று அண்ணி முதன்முதலில் சொன்னபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பைத் தொடங்கி வைத்தவன் அவன்தான்.

அவனுக்கு வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் பெரிய கடையில் வேலை. வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் அணிவகுத்து நிற்கிற மேல்மாடி முழுக்க அவன் பொறுப்பு. யாராவது ஒரு பெட்டியின் முன்னால் தயங்கி நின்றால் போதும், எங்கிருந்தோ முளைத்து வந்து, "வாரண்டி இருக்கு சார், கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்பான். அந்தச் சொல்லை நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, கூட வேலை பார்ப்பவர்கள் அவனுக்கு வாரண்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கடையில் வைத்த பெயர் மெல்ல வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. கோபம் வந்தால் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள். அவனுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். சொந்தக்காரர் வீட்டில் மிக்ஸி ஓடவில்லை என்றாலும் அவனுக்குத்தான் போன் வரும். அவன் எதையும் கழற்றிப் பார்த்தவன் இல்லை. ஆனால் கழற்றிப் பார்த்தவனைவிட நன்றாகப் பேசுவான்.

அண்ணி என்றால் செத்துப்போன அண்ணனின் மனைவி. அண்ணன் மாரடைப்பில் போனபோது அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை, போக்கிடமும் இல்லை. வாரண்டி வண்டி பிடித்துப் போய், அவளையும் அவளுடைய தையல் மெஷினையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். "இனிமே இது உங்க வீடு அண்ணி" என்று வாசலில் வைத்தே சொன்னான். சொந்தத்தில் இன்றைக்கும் அதை மெச்சிப் பேசுவார்கள். பேச மறந்தால் அவனே பேச்சை அந்தப் பக்கம் திருப்பிவிடுவான்.

அண்ணி சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவள் இல்லை. கூடத்து ஜன்னலோரம் மிதி மெஷினைப் போட்டுக்கொண்டு, கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்குக் குழந்தைகள் கவுன் தைத்துக் கொடுத்தாள். அவள் ஓட்டுகிற தையல் நூல் பிடித்தாற்போல இருக்கும். வேறு யாராவது கோணல்மாணலாகத் தைத்ததைக்கூடக் கடைக்காரர் அவளிடம் அனுப்பித்தான் பிரித்துத் தைக்கச் சொல்வார். வீட்டுத் துணிகளைத் துவைப்பதும் அவளாகவே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. மனைவிக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை, மகளுக்குக் கல்லூரி. பகலில் வீட்டில் இருப்பவள் அண்ணி மட்டும்தான்.

கடையில் பார்வைக்கு வைத்திருந்த மெஷின் ஒன்று ஊழியர்களுக்கென்று சலுகையில் வந்தபோது அதை வாரண்டி வீட்டுக்குக் கொண்டுவந்தான். முன்பக்கம் உலோக விளிம்பு வைத்த வட்டக் கண்ணாடிக் கதவு, உள்ளேயே தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் எல்லாம் உண்டு. குளியலறையை ஒட்டிய சின்ன இடைவழியில் அதை நிறுத்தினார்கள். ஓராண்டுக்கு மேல் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதற்குப் பிறகுதான் ஒருநாள் சாயங்காலம் அவன் கடையிலிருந்து திரும்பியதும் அண்ணி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"தம்பி, அந்த மெஷின் கதவத் தொட்டா சுள்ளுன்னு கடிக்குது."

"அது என்ன நாயா அண்ணி, கடிக்கிறதுக்கு?" என்றான் அவன்.

மனைவி சிரித்தாள், மகள் சிரித்தாள். அவன் ஷூவைக்கூடக் கழற்றாமல் இடைவழிக்குப் போய், துவைத்து முடித்து ஓய்ந்து நின்ற மெஷினை எருமையைத் தட்டுவதுபோல நாலு பக்கமும் தட்டினான். கதவைத் திறந்தான், மூடினான். ஒன்றும் இல்லை. அண்ணியும் பக்கத்தில் வந்து விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. "எனக்குத்தான் என்னமோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனால் அது விடவில்லை. வாரத்தில் ஒருநாளாவது துவைக்கும் இடத்திலிருந்து "அய்யோ" என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அண்ணி கையை உதறிக்கொண்டு வருவாள். மனைவி போய்த் தொட்டால் ஒன்றும் ஆகாது. மகள் தொட்டாலும் ஆகாது. அவர்கள் வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போடுகிறவர்கள். அண்ணி வெறுங்காலோடு, ஈரத் தரையில், ஊறவைத்த துணியைப் பிழிந்த கையோடு நிற்கிறவள். இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படவில்லை. மெஷினைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் என்று பெயர் எடுத்தவன் கண்ணிலும் படவில்லை.

அவன் அதை ஒரு வேடிக்கையாக்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அக்கா வீட்டில் எல்லோரும் சாப்பிடக் கூடியிருந்தார்கள். பேச்சு கொஞ்சம் மந்தமானதும் வாரண்டி எழுந்தான். தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டான். அக்கா வீட்டு ஃபிரிட்ஜை வாஷிங் மெஷினாக வைத்துக்கொண்டு, பூனை நடை நடந்து அதன் அருகில் போனான். ஒரு விரலை நீட்டினான், தொட்டான், குதித்தான். "தம்பீ, கடிச்சிருச்சு" என்று அண்ணியின் குரலிலேயே கத்திக்கொண்டு கூடத்தைச் சுற்றி ஓடினான். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா வீட்டுக்காரர், அவன் மாமா என்று கூப்பிடுகிறவர், இன்னொரு தரம் செய்யச் சொன்னார். செய்தான். அண்ணி மூலையில் உட்கார்ந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தானும் சிரித்தாள். சிரிக்காமல் வேறு என்ன செய்வாள்?

அதற்கப்புறம் வீட்டு உரிமையாளர் கட்டடம் முழுக்க மெயின் போர்டுகளை மாற்றினார். பழைய ஃபியூஸ் கட்டைகள் போய்ப் புது ட்ரிப் ஸ்விட்ச் வந்தது. எங்காவது கொஞ்சம் மின்சாரம் கசிந்தாலும் இது தானாகவே விழுந்துவிடும், ஆளுக்கு ஆபத்து இல்லை என்று மாட்டிய எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே ஸ்விட்ச் விழ ஆரம்பித்தது. டப்பென்று ஒரு சத்தம். விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ், எல்லாம் அடங்கிவிடும். மேலே தள்ளிவிட்டால் ஒழுங்காக ஓடும். மறுபடி இரண்டு நாள் கழித்து டப்.

ஒரு விடுமுறை நாளில் வாரண்டி இதற்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று இறங்கினான். வீட்டில் உள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கச் சொன்னான். பிறகு ஒவ்வொன்றாகச் செருகி ஓடவிட்டான். ஃபிரிட்ஜ், மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, மோட்டார் என்று நாடி பார்க்கிற வைத்தியர்போலப் பக்கத்தில் நின்று காத்திருந்தான். ஸ்விட்ச் அசையவில்லை. கடைசியாக வாஷிங் மெஷினில் ஒரு மூட்டைத் துணியைப் போட்டு ஓட்டினான். அதற்கும் அசையவில்லை. "பாத்தியா, நம்ம பொருள் எதுலயும் தப்பில்ல. ஸ்விட்ச்தான் மட்டம்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஊறவைத்திருந்த தலையணை உறை ஒன்று விட்டுப்போனதே என்று அண்ணி அதை எடுத்துக்கொண்டு வந்தாள். மெஷினை நிறுத்திவிட்டுப் போடலாமா என்று கேட்டபடியே கதவில் கை வைத்தாள்.

டப்.

அண்ணி அம்மா என்று அலறிப் பின்னால் சாய்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள். மனைவி ஓடிப்போய்ப் பிடித்தாள். வாரண்டியும் ஒரு கணம் ஆடித்தான் போனான். ஆனால் அடுத்த கணமே அவன் வாயில் ஒரு வேடிக்கை வந்துவிட்டது. "அண்ணி கையில இவ்வளவு பவரா? தொட்டதும் வீடே அணைஞ்சு போச்சே" என்றான். வாய்க்கு வந்ததை விழுங்கத் தெரியாதவன். யோசித்துப் பார்த்தால், பதில் அப்போதே அவன் முன்னால் வந்து நின்றுவிட்டது. அதைப் பார்ப்பதற்கு ஒரே ஒரு நிமிடம் தன்னை முட்டாள் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஒரு நிமிடத்தை அவன் செலவழிக்கவில்லை.

அதிலிருந்து அண்ணிக்கு எதைத் தொடவும் பயம். கதவுத் தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாய், எவர்சில்வர் குடம், எல்லாவற்றையும் சந்தேகமாகப் பார்த்தாள். விரல் மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றாள். ஊசியில் நூல் கோக்கக் கை நடுங்கியது. இது நரம்புத் தளர்ச்சிதான் என்று வாரண்டி தீர்ப்புச் சொன்னான். அக்கறையோடுதான் சொன்னான், பொய்யில்லை. கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, நரம்பு டாக்டரிடம் அவனே கூட்டிக்கொண்டு போனான்.

டாக்டர் அண்ணியைப் பார்த்து, எதைத் தொட்டால் இப்படி ஆகிறது, எப்போதும் ஆகிறதா என்று கேட்டார். அண்ணி வாயைத் திறப்பதற்குள் வாரண்டி முந்திக்கொண்டான். "எப்பவுமேதான் டாக்டர். எதத் தொட்டாலும் பயப்படுறாங்க. தைக்கும்போதுகூடக் கை நடுங்குது" என்றான். அண்ணி திறந்த வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை நடுக்கத்தைக் குறைத்ததோ இல்லையோ, தூக்கத்தைக் கொடுத்தது. அண்ணி பகலிலும் சொக்கி விழுந்தாள். ஒருநாள் தைத்துக்கொண்டே கண் அசந்து, ஊசி விரலில் இறங்கிவிட்டது. துணிக்கடைக்காரர் நல்லவர்தான், உடம்பு சரியானதும் வாங்கம்மா என்று சொல்லி வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தார். பின் தெருவில் தையல் பழகிய பெண் ஒருத்தி சொந்தமாக மெஷின் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தாள். அண்ணி தன்னுடையதை அவளுக்குக் கொடுத்துவிட்டாள். மெஷின் நின்ற இடத்தில், தேய்ந்துபோன தரைக்கு நடுவே நாலு கால்களின் தடம் மட்டும் பளிச்சென்று மிச்சம் இருந்தது. துணி துவைக்கும் வேலையை மனைவி ஏற்றுக்கொண்டாள். ஸ்விட்ச் விழுவது நின்றுபோனது. "பாத்தீங்களா, மருந்து வேலை செய்யுது" என்று வாரண்டி வேடிக்கை பேசினான்.

இரண்டாம் முறை டாக்டரிடம் அண்ணியை மனைவி கூட்டிக்கொண்டு போனாள். அன்று வாரண்டிக்கு வார விடுப்பு. மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள். வீட்டில் துணி மலையாகக் குவிந்து கிடந்தது. வருவதற்குள் நாமே துவைத்துப் போட்டால் மனைவி மெச்சுவாள் என்று அவனுக்குத் தோன்றியது. அபூர்வமாகத் தோன்றுகிற எண்ணம். செருப்பைக் கழுவி வாசலில் காயவைத்திருந்தான், அதனால் வெறுங்கால். வாளியில் ஊறியிருந்த துணிகளைப் பிழிந்து மெஷினில் அடைத்தான். தரையெல்லாம் நுரைத் தண்ணீர். வெந்நீரில் துவைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, சூடு ஏறியிருக்கிறதா பார்க்கலாம் என்று கதவில் கையை வைத்தான்.

கையை யாரோ பிடித்து முறுக்கி எறிந்த மாதிரி இருந்தது. தோள் வரைக்கும் ஒரு வெட்டு. கத்த வாய் வரவில்லை. டப்பென்ற சத்தம் கேட்டது. பின்னால் சரிந்து, குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வீடு முழுக்க நிசப்தம்.

முதலில் பயம்தான் வந்தது. கை, கால் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிற பயம். அது தணிந்த பிறகு மெதுவாக இன்னொன்று மேலேறி வந்தது. அண்ணி சுவரில் முட்டிக்கொண்ட அதே இடத்தில்தான் அவன் நின்றுகொண்டிருந்தான்.

செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டான். ஸ்விட்சை மேலே தள்ளி, மெஷினை மறுபடி ஓடவிட்டு, டெஸ்டரின் முனையை மெஷின் உடம்பில் ஓரத்தில் வைத்தான். டெஸ்டருக்குள் சின்ன விளக்கு செவ்வெனப் பளிச்சிட்டது. வேறு இடத்தில் வைத்தான். அங்கேயும் எரிந்தது. ஹீட்டர் கெட்டு உடம்புக்குள் மின்சாரம் இறங்கியிருக்கிறது. சரி, ஹீட்டர் எந்த வீட்டிலும் கெடும். கெட்டால் அந்தக் கசிவை எர்த் கம்பி மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போகவேண்டும். ஸ்விட்ச் உடனே விழுந்திருக்க வேண்டும். மனிதர் வந்து தொடுகிறவரை காத்திருக்கக் கூடாது. எர்த் என்ன ஆயிற்று?

அதற்கு எதையும் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மெஷினை முன்னால் இழுத்ததும் பின்னால் அவன் கையால் செய்த நீட்டிப்புப் பெட்டி கிடந்தது. மெஷினைப் பொருத்த வந்தவர் சொன்னது அப்போது வரி பிசகாமல் நினைவுக்கு வந்தது. பிளக் பாயின்ட் தூரத்தில் இருக்கிறது, எர்த்தோடு மூன்று கம்பி ஒயர் இழுத்துப் புதுப் பாயின்ட் வைத்துவிட்டு ஓட்டுங்கள் என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கே சொல்கிறீர்களா என்று அவரை அனுப்பிவிட்டு, பரணில் கிடந்த பழைய ஒயரை எடுத்து அன்று மாலையே இந்தப் பெட்டியைச் செய்தான். அது இரண்டு கம்பி ஒயர். பெட்டியின் மேலே மூன்று ஓட்டை இருந்தது. மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

அவன் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். மெஷின் வாங்க வருகிறவர்களிடம் வீட்டில் எர்த் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லி, கடையில் விற்பனைப் பையன்களை எத்தனை தடவை அதட்டியிருப்பான். பழைய ஃபியூஸ் கட்டையே இருந்திருந்தால் அண்ணி ஒருநாள் அந்தக் கதவிலேயே ஒட்டிக்கொண்டிருப்பாள். மட்டமான ஸ்விட்ச் என்று அவன் ஊரெல்லாம் திட்டிய அந்த ஸ்விட்ச்தான் அவளைப் பிடித்து இழுத்துவிட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும். அவன் அதற்கெல்லாம் சிரித்திருக்கிறான்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தான். வந்தவுடன், வாசலில் வைத்தே. ஆனால் அவர்கள் வந்தபோது அண்ணி களைத்துப்போய் நாற்காலியில் சாய்ந்தாள். டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார் என்று மனைவி சொன்னாள். அண்ணி அவனைப் பார்த்து, இனிமே சரியாயிடுமாம் தம்பி, உங்களுக்குத்தான் என்னால வீண் அலைச்சல் என்றாள். மெஷின் ஏன் நடுவழியில் கிடக்கிறது என்று மனைவி கேட்டாள். ஹீட்டர் போய்விட்டது என்றான். அது உண்மைதான். உண்மையில் பாதியை மட்டும் சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்த நீட்டிப்புப் பெட்டியைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டுபோய்க் கடைக்குப் பின்னால் குப்பையில் போட்டான். எலக்ட்ரீஷியனை வரவழைத்து எர்த்தோடு புதுப் பாயின்ட் வைத்தான். கடையின் சர்வீஸ் ஆள் வந்து ஹீட்டரை மாற்றினான். கழற்றியதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒடம்பு முழுக்கக் கரண்ட் இறங்கியிருக்குமே சார். வீட்ல யாருக்கும் ஷாக் அடிக்கலையா?" என்று கேட்டான். உள் அறையில் அண்ணி தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சுச் சத்தம் கேட்டது. "இல்ல, அப்படி எதுவும் இல்ல" என்றான் வாரண்டி.

அதற்குப் பிறகு அவனால் வீட்டில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. மனைவி வேளை தவறாமல் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுப்பாள். அண்ணி மறுபேச்சில்லாமல் விழுங்குவாள். அவன் கண்ணைச் செய்தித்தாளில் புதைத்துக்கொள்வான். நாளைக்குச் சொல்லலாம், டாக்டரிடம் தனியாகப் பேசி மாத்திரையை நிறுத்தச் சொல்லலாம், மெதுவாகத் தானே சரியாகிவிடும் என்று ஒவ்வொரு நாளும் ஒரு சாக்கைத் தைத்து அதற்குள் நுழைந்துகொண்டான். கடையில் "வாரண்டி" என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே கூசியது.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்கா வீட்டில் மறுபடி எல்லோரும் கூடினார்கள். சாப்பாடு முடிந்தது. மாமா பெரிதாக ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, "டேய், அந்த வாஷிங் மெஷின் கதையப் பண்ணிக் காட்டேன். இவங்கள்லாம் பாத்ததில்ல" என்றார். புதிதாக நாலைந்து பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். வேண்டாம் மாமா என்றான். அவர் விடவில்லை. அக்கா துண்டை எடுத்து அவன் மடியில் எறிந்தாள். அண்ணி மூலையில் தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் சிரிக்கப்போகிறார்கள் என்று தெரிந்து முன்கூட்டியே ஒரு சிரிப்பை முகத்தில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அதைவிடச் சரியான இடம் கிடைத்திருக்காது. அவன் எழுந்தான், தோளில் துண்டைப் போட்டான், பூனை நடை நடந்தான், விரலை நீட்டினான், குதித்தான். "தம்பீ, கடிச்சிருச்சு" என்று கத்தினான். முன்பைவிட நன்றாகவே வந்தது. இப்போது அந்த வலி எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும் அல்லவா? எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணி வாயைப் பொத்திச் சிரித்தாள். அவன் நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போகக் கிளம்பியவன் பாதி வழியில் திரும்பி வந்தான். மனைவியும் மகளும் போய்விட்டிருந்தார்கள். அண்ணி அடுக்களையில் காய் நறுக்க உட்கார்ந்திருந்தாள். மாத்திரை அசதியில் கத்தியை மெதுவாக, குழந்தை பிடிப்பதுபோலப் பிடித்திருந்தாள். அவன் எதிரே தரையில் உட்கார்ந்தான். கடையில் அவ்வளவு பேசுகிறவனுக்கு ஒரு வாக்கியம் கூடவில்லை.

"அண்ணி, அந்த மெஷின் நெஜமாவே கடிச்சுது" என்றான் கடைசியில்.

பிறகு கொட்டிவிட்டான். இரண்டு கம்பி ஒயர், ஹீட்டர், ஈரக் கால், ஸ்விட்ச் விழுந்ததன் காரணம், தனக்கு ஷாக் அடித்தது எல்லாவற்றையும் சொன்னான். அண்ணி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். எல்லாம் அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, ஒன்று மட்டும் புரிந்தது. தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என் கைக்கு ஒண்ணும் இல்லயா தம்பி?"

"ஒண்ணும் இல்ல அண்ணி."

அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பான். அவளோ, நான் என் அம்மா மாதிரி கை கால் விழுந்து படுத்துவிடுவேன் என்று பயந்துகொண்டிருந்தேன், உங்களுக்கெல்லாம் பாரமாகிவிடுவேனோ என்று தினமும் அழுதேன் என்று சந்தோஷமாகச் சொன்னாள். விரல்களை மடக்கி நீட்டினாள். அப்புறம், ஏதோ கணக்கு இடித்த மாதிரி, அவள் கை அப்படியே நின்றது.

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் வாயில் தயாராக வந்து நின்றது. அதை விழுங்கினான். வாழ்க்கையில் அவன் விழுங்கிய முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

"நீங்க ரெண்டாவது வாட்டி டாக்டர்கிட்ட போனீங்களே, அன்னிக்கே."

அண்ணி நறுக்கிய காயைத் தட்டில் ஒரு ஓரமாக ஒதுக்கினாள். பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டாள். "அப்ப நேத்து, உங்க அக்கா வீட்ல..."

"தெரியும் அண்ணி. தெரிஞ்சுதான் பண்ணேன்."

அவள் எழுந்தாள். நறுக்கிய காயைத் தட்டோடு எடுத்து மேடையில் வைத்தாள். கையைக் கழுவினாள், முந்தானையில் துடைத்தாள். அவனைச் சுற்றிக்கொண்டு, அவன்மேல் பட்டுவிடாமல், தன் அறைக்குள் போனாள். கதவைச் சாத்தக்கூட இல்லை. அவன் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தான். கடையிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை.

சாயங்காலம் மனைவியிடமும் அவனே சொன்னான். அவள் கத்தவில்லை. "நான் என் கையால அவங்களுக்கு மாத்திரை கொடுத்தேன். நீங்க பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க" என்று மட்டும் சொன்னாள். அதைச் சொன்ன விதத்தில் அவன் கூனிக் குறுகிப் போனான். மகள் சில நாட்கள் அவன் இருக்கும் அறைக்கு வராமல் பார்த்துக்கொண்டாள்.

டாக்டரிடம் அண்ணியை அவன் மறுபடி கூட்டிக்கொண்டு போனான். இந்தத் தடவை, நான்தான் தவறாகச் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். உள்ளே அண்ணி நெடுநேரம் பேசினாள். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். அக்காவுக்கும் மாமாவுக்கும் நேரில் போய்ச் சொன்னான். மாமா பாதி கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். இதுவும் புதுசாக ஒரு வேடிக்கை என்று நினைத்துக்கொண்டார். முழுவதும் கேட்ட பிறகு அவர் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா தலையைக் குனிந்துகொண்டு தரையிலிருந்த துண்டு துணுக்குகளைப் பொறுக்கத் தொடங்கினாள். அன்றைக்கு வந்திருந்த மற்றவர்களுக்கெல்லாம் போன் செய்தான். சிலர், விடுப்பா, இதுக்குப் போயா என்றார்கள். அதுதான் அவனுக்கு இன்னும் அதிகமாகச் சுட்டது.

பின் தெருப் பெண்ணிடம் போய்த் தையல் மெஷினைத் திருப்பிக் கேட்கிறேன், அவளுக்கு வேறு ஏற்பாடு செய்துவிடலாம் என்று அவன் சொன்னபோது அண்ணி தடுத்துவிட்டாள். கொடுத்தது கொடுத்ததுதான், அந்தப் பொண்ணு அதை வெச்சுத்தான் சாப்பிடுது என்றாள். கடைத்தெருவுக்கு அப்பால் பள்ளிச் சீருடை தைக்கும் கூடம் ஒன்று இருந்தது. மாத்திரை குறைந்து கை திடமானதும் அண்ணி அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் எல்லோரோடும் அவளும் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முதல் வாரத்தில் அவள் தைத்ததையெல்லாம் மேற்பார்வை பார்ப்பவர் எடுத்துக் காட்டிப் புகழ்ந்தாராம். அதை மனைவியிடம் சொன்னாள். அவனிடம் சொல்லவில்லை.

அவனிடம் அவள் பேசாமல் இல்லை. சாப்பாடு ஆறுகிறது என்பாள், கேஸ் தீர்ந்துவிட்டது என்பாள், பால்காரர் வந்தார் என்பாள். எல்லாம் மொட்டையாக. முன்பெல்லாம் வாக்கியத்துக்கு ஒரு தம்பி இருக்கும். இப்போது அந்தச் சொல் இல்லாமலே எல்லா வேலையும் நடந்தது. அவனும் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை தனக்கு இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுத் துணியை இப்போது அவன்தான் துவைக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோருடைய துணியையும் வாங்கிக்கொள்வான். அண்ணி மட்டும் தன் துணியைக் குளியலறையில் கையாலேயே கசக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். மழைக்காலம் வந்தது. துணி காயவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மெஷினில் துணியை அடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணி தன் துணி மூட்டையோடு இடைவழி வாசலில் வந்து நின்றாள். கால்களில் புதிதாக ரப்பர் செருப்பு. கொடுங்கள் என்று அவன் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. கொஞ்சம் நகருங்கள் என்றாள். அவன் சுவரோரம் ஒதுங்கினான்.

அண்ணி வலது கையின் புறங்கையை மெல்ல நீட்டி, மெஷினின் ஓரத்தில் ஒற்றியெடுத்தாள். கையை இழுத்துக்கொண்டு ஒரு கணம் காத்திருந்தாள். மறுபடி ஒருமுறை ஒற்றினாள். பயப்படாதீங்க அண்ணி என்று சொல்ல அவனுக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவள் கதவைத் திறந்து, தன் துணியை ஒவ்வொன்றாக உதறிப் போட்டு, மூடினாள். எந்தப் பொத்தான் என்று கேட்டாள். அவன் காட்டினான். அழுத்திவிட்டு, முடிந்ததும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போய்விட்டாள்.

தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது. அவன் அங்கேயே நின்றான்.